40 செ.மீ. மடக்கு லைட் பாக்ஸ்: எதற்கு ஆகும், எதற்கு ஆகாது

டெரகோட்டா தோடு, கவரிங் நகை, கைவினை சோப்பு போன்ற சின்னப் பொருள்களை ஆன்லைனில் விற்க ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது, பொருளை உள்ளே வைத்துப் படம் எடுக்கும் இந்தப் பெட்டிதான். 40 செ.மீ. சதுரப் பெட்டி, கூரையில் இரண்டு எல்இடி பட்டை, சில நிறங்களில் பிவிசி ஷீட், யூஎஸ்பி ஒயர். டெரகோட்டா, சோப்பு, மரப் பொம்மை, துணிப் பர்ஸ் எல்லாவற்றுக்கும் தாராளமாக வாங்கலாம். நகைக்கு வாங்கினால், பெட்டியோடு வராத இரண்டு பொருளும் சேர்ந்தால்தான் படம் உருப்படும்.

இதே வடிவில் 23 செ.மீ. பெட்டியும் மலிவாகக் கிடைக்கிறது. அது வேண்டாம். பொருளைப் பின்சுவரிலிருந்து 10, 15 செ.மீ. தள்ளி வைத்தால்தான் நிழல் பின்னணியில் ஏறாது. சின்னப் பெட்டியில் அதற்கு இடமில்லை. 40 செ.மீ. பெட்டியிலும் 20 செ.மீ.க்கு மேற்பட்ட பொருளை வைத்தால் நெருக்கடிதான்.

5 வோல்ட், 2 ஆம்பியர் சார்ஜரில் செருகுங்கள். லேப்டாப்பின் பழைய யூஎஸ்பி போர்ட் அரை ஆம்பியர்தான் தரும், விளக்கு மங்கிவிடும். வெளிச்சத்தைக் குறைத்து எடுத்தால் படத்தில் வரிவரியாகக் கருமை ஓடுவது இந்த வகைப் பெட்டிகளின் பெரிய தொல்லை. மலிவு டிம்மர்கள் விளக்கைக் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைத்து ஏற்றித்தான் வெளிச்சத்தைக் குறைக்கின்றன. ஷட்டர் வேகமாக இருந்தால், அதாவது கேமரா ஒளியை வாங்கும் நேரம் குறைவாக இருந்தால், அந்த இருட்டு இடைவெளியும் பதிவாகிவிடும். விளக்கை முழுதாக எரியவிட்டு, போனின் புரோ மோடில் ஐஎஸ்ஓ (கேமரா ஒளியை உணரும் அளவு) 100, ஷட்டர் 1/50 அல்லது 1/25 நொடி வையுங்கள். டிரைபாடும் 2 நொடி டைமரும் கட்டாயம். அறையின் டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். இரண்டு வெளிச்சம் கலந்தால் ஒயிட் பேலன்ஸை (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் கேமரா அமைப்பை) எப்படித் திருப்பினாலும் ஒரு பக்கம் நிறம் மாறியே நிற்கும்.

ஆட்டோவில் எடுத்தால் வெள்ளைப் பின்னணி சாம்பலாக வரும். வெள்ளை நிறைந்த காட்சியை கேமரா அதிக வெளிச்சம் என்று எண்ணி இருட்டாக்கிவிடுகிறது. எக்ஸ்போஷரை +0.7 முதல் +1 வரை ஏற்றினால் சரியாகும். போனைப் பொருளுக்குப் பக்கத்தில் கொண்டுபோகவும் வேண்டாம். ஜிமிக்கியின் முன்பக்கம் உப்பித் தெரியும். தள்ளி நின்று 2 எக்ஸ் லென்ஸில் எடுங்கள்.

இனி நகை. கூரை எல்இடிகள் ஒவ்வொன்றும் கல்லிலும் மெருகிலும் தனித்தனிப் புள்ளியாக விழும். இதற்கு ஒரு பட்டர் பேப்பர் போதும். ஆனால் அதைப் பட்டையின் மேலேயே ஒட்டினால் பயனில்லை. 7, 8 செ.மீ. கீழே இறக்கிக் கட்டினால்தான் புள்ளிகள் கலந்து ஒரே வெள்ளைப் பரப்பாகும். அடுத்த குறை: சுற்றிலும் வெள்ளையாக இருப்பதால் மெருகிட்ட கவரிங் வளையல் வெளிறி, ஓரம் கரைந்து போகும். கறுப்பு சார்ட் அட்டையை 2 செ.மீ. அகலத்தில் வெட்டி, படத்தில் விழாதபடி இரு பக்கமும் நிறுத்துங்கள். அந்தக் கறுப்பு உலோகத்தில் மெல்லிய கோடாகப் பிரதிபலித்து வளைவை எடுத்துக்காட்டும். ஒரு விரல் அளவு நகர்த்தினாலும் தோற்றம் மாறும், அதனால் திரையைப் பார்த்துக்கொண்டே நகர்த்துங்கள். இந்த ஒரு வேலைக்குச் செலவிடும் நேரம் ஒருபோதும் வீணாகாது.

விளக்கு நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டும் என்பதன் அளவு சிஆர்ஐ, உச்சம் 100. அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் ‘சிஆர்ஐ 95’ஐ அப்படியே நம்ப வேண்டாம். சிவப்புக் கல் பதித்த நகையை ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்று, பெட்டியில் ஒன்று எடுத்து ஒப்பிடுங்கள். ஒயிட் பேலன்ஸ் சரியாக இருந்தும் பெட்டிக்குள் சிவப்பு மங்கினால் திருப்பி அனுப்பிவிடுங்கள், எடிட்டிங்கில் அதை முழுதாக மீட்க முடியாது.

பிவிசி ஷீட் மடிப்போடு வந்தால் பின்பக்கமாகச் சுருட்டி ஒரு நாள் வைத்தால் நிமிரும். அமேசான் முதன்மைப் படத்துக்குப் பின்னணி சுத்த வெள்ளையாக, ஆர்ஜிபி 255 (சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் உச்ச அளவில்) இருக்க வேண்டும். பொருள் படத்தின் 85 சதவீதத்தை நிறைக்க வேண்டும். கடைசி வெள்ளையை எடிட்டிங்கில் பின்னணிக்கு மட்டும் ஏற்றுங்கள், கேமராவிலேயே ஏற்றினால் பொருளின் விளிம்பும் சேர்ந்து வெளுத்துவிடும்.

எவர்சில்வர் டம்ளர், குத்துவிளக்கு விற்பவர்களுக்கு இது சரிவராது. பெட்டியின் திறந்த வாயும் போனும் பாத்திரத்தில் அப்படியே தெரியும். நேர் வெயில் விழாத ஜன்னலில் வெள்ளை வேட்டி ஒன்றைத் திரையாகக் கட்டி, எதிர்ப்பக்கம் தெர்மாகோல் பலகை நிறுத்தி, லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்ட வெள்ளை அட்டை வழியாக எடுத்தால் இதைவிடப் பல மடங்கு நல்ல படம் கிடைக்கும்.