இ-ஆபீஸ் பல வருஷ அனுபவம்: ஃபைல் நல்லா ஓடுது, தேடும்போதுதான் மாட்டிக்கிறோம்

வேலூர்ல ஒரு அரசு அலுவலகத்துல செக்‌ஷன் பார்க்கிறேன், எந்த ஆபீஸ்னு வேணாம். கொரோனாவுக்கு அப்புறம் எங்களுக்கு இ-ஆபீஸ், அதாவது ஃபைல் வேலைய கம்ப்யூட்டர்லயே பண்ற அரசு சாஃப்ட்வேர், வந்துச்சு, அன்னைலேர்ந்து தினமும் அதுலதான் பொழப்பு. இன்னும் முழுசா மாறாத துறைல இருக்கிற ஃப்ரெண்ட்ஸ் "எப்படி இருக்கு, நல்லா இருக்கா"ன்னு கேட்டுட்டே இருக்காங்க, அவங்களுக்காகத்தான் எழுதுறேன்.

ஃபைல் நகர்த்துற வேலைக்கு செமயா இருக்கு, அதுல மாற்றுக் கருத்தே இல்ல. தபால் வந்தா ஸ்கேன் பண்ணு, எண் போடு, ஃபைல்ல சேரு, நோட் எழுது, மேல அனுப்பு, அவ்ளோதான். முன்னல்லாம் ஒரு ஃபைல் எங்க இருக்குன்னு கண்டுபிடிக்க தன்பதிவேட்ட (ஒவ்வொரு கிளார்க்கும் தன்கிட்ட வர்ற தபால எழுதி வைக்கிற நோட்டு) புரட்டி, பக்கத்து செக்‌ஷன்ல கேட்டு, கடைசில யாரோ ஒருத்தர் லீவுல போகும்போது பீரோல வச்சுப் பூட்டிட்டுப் போயிருப்பாரு. இப்ப யார் லாகின்ல எந்த தேதிலேர்ந்து கிடக்குதுன்னு ஸ்கிரீன்லயே தெரியுது, "எனக்கு வரவே இல்லையே சார்"ங்கிற பேச்சே செத்துப்போச்சு. மஞ்சள் நோட்டுங்கிற வரைவு வரைக்கும் மாத்திக்கலாம், பச்சை நோட்டா உறுதியாகி ஃபைல் கைமாறிட்டா எழுதினது எழுதினதுதான், நாளைக்கு யாரும் நடுவுல ஒரு பக்கத்த உருவ முடியாது. ஆபீசர் குடியாத்தம் கேம்ப்ல இருந்தாலும் ராத்திரி ஒப்புதல் வந்துடுது.

பிரச்சனை எங்கன்னா, ஆர்டிஐ (தகவல் உரிமை) மனு வரும்போதும், ஹைகோர்ட் ரிட்டுக்கு பாராவைஸ் ரிமார்க்ஸ், அதாவது மனுவோட ஒவ்வொரு பாராவுக்கும் பதில், கேட்கும்போதும்தான். அப்ப ஒரு ஃபைல் வேணும்னு யாரும் கேட்கிறதில்ல, ஒரு விஷயம் சம்பந்தமா இருக்கிற எல்லாத்தையும் கேட்கிறாங்க. ஒரு ஏரிப் புறம்போக்கு ஆக்கிரமிப்புன்னு வச்சுக்கோங்க, மனு, சர்வேயர் அறிக்கை, விஏஓ அறிக்கை, நோட்டீஸ், பதில், எல்லாம் வேற வேற ஃபைல்ல, வேற வேற செக்‌ஷன்ல கிடக்கும். ஆர்டிஐ சட்டத்துல பதிலுக்கு 30 நாள். அதே 2005 சட்டம் 4(1)(அ) பிரிவுல ஆவணங்கள அட்டவணை போட்டு ஒழுங்கா வைக்கணும்னும் சொல்லுது, அந்தப் பாதிய மட்டும் எந்த ரிவ்யூ மீட்டிங்லயும் யாரும் எடுக்கிறதில்ல.

தேடுற பெட்டில என்ன அடிக்கிறது? ஒருத்தர் பொருள்ல "காட்பாடி வட்டம் - ஆக்கிரமிப்பு - தொடர்பாக"ன்னு மட்டும் போட்டிருப்பாரு, கிராமமும் இல்ல நம்பரும் இல்ல. இன்னொருத்தர் "ச.எண்", அடுத்தவர் "புல எண்", அதுக்கடுத்தவர் "சர்வே நெ", எல்லாம் ஒரே சர்வே நம்பர்தான். உட்பிரிவு சிலர் சாய்கோடு போட்டு, சிலர் ஹைபன் போட்டு. எல்லா விதத்துலயும் ஒவ்வொரு தடவ தேடணும், அப்பவும் ஏதோ ஒண்ணு விட்டுப்போச்சோன்னு பயம் இருக்கும்.

சரி, பொருள விட்டுட்டு உள்ள இருக்கிற எழுத்துல தேடலாம்னு பார்த்தா, ஸ்கேன் பண்ண பக்கம் வெறும் படம். டைப் பண்ண லெட்டர்னா ஓசிஆர் (படத்துல இருக்கிற எழுத்தப் படிச்சு டைப் பண்ண மாதிரி மாத்துற சாஃப்ட்வேர்) ஓரளவு எடுக்குது, கார்பன் காப்பியும் கையெழுத்துக் குறிப்பும் சுத்தமா வராது. அரசு ஆவணத்த வெளி வெப்சைட்ல ஏத்தி ஓசிஆர் பண்றதும் சரி கிடையாது. இதவிடக் கொடும ஃபான்ட். எந்தக் கம்ப்யூட்டர்லயும் தமிழ் எழுத்தா புரியுற யூனிகோட தமிழ்நாடு அரசு 2010லயே தரமா அறிவிச்சாச்சு, ஆனா அதுக்கு அப்புறமும் ரொம்ப வருஷம் பல ஆபீஸ்ல வானவில்லுங்கிற பழைய ஃபான்ட்லயே அடிச்சிட்டு இருந்தாங்க. அந்த ஃபைல்ல கண்ணுக்கு "வேலூர்"னு தெரியும், கம்ப்யூட்டருக்கு அது இங்கிலீஷ் எழுத்தும் குறியும் கலந்த குப்ப. பிடிஎஃப் திறந்திருக்கும், அந்த வார்த்தை கண்ணு முன்னாடி இருக்கும், தேடினா "எதுவும் இல்லை"ன்னு வரும். புதுசா வந்த ஜூனியர் அசிஸ்டன்ட் ஒரு பொண்ணு "சார், சிஸ்டம் கெட்டுப்போச்சு"ன்னே வந்து சொல்லுச்சு.

அப்புறம் நம்ம ஊருக்குன்னே ஒரு தலவலி. வட ஆற்காட்டுக்குத் தலைநகர் ஒரு காலத்துல சித்தூர், 1911லதான் வேலூர் ஆச்சு. 1989ல திருவண்ணாமலை பிரிஞ்சுது, 2019ல ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிஞ்சுது. ஒவ்வொரு தடவையும் கட்டு கட்டா ரெக்கார்டு லாரி ஏறும். ஆம்பூர் சம்பந்தமா 2008 ஃபைல் வேணும்னா இங்க இருக்கா, திருப்பத்தூர் போச்சான்னு எந்த சர்ச்லயும் வராது. எங்க ரெக்கார்டு கிளார்க்தான் "அந்தக் கட்டு ரெண்டாவது ரேக்குல கீது சார்"ன்னு போய் எடுத்துட்டு வருவாரு. சீக்கிரம் ரிட்டயர் ஆகப்போறாரு.

எத்தன வருஷம் வைக்கிறதுங்கிறது அடுத்த சிக்கல். ஃபைல முடிக்கும்போது ஓ.மு., மூ.மு., ப.மு.ன்னு போடுறோம், அதாவது ஒரு வருஷம், மூணு வருஷம், பத்து வருஷம், முடிஞ்சா அழிப்பு. இத முடிவு பண்றது பெரும்பாலும் அன்னைக்கு அந்த சீட்ல இருக்கிறவர்தான். ஆனா தோல் ஷாப் (தோல் பதனிடுற தொழிற்சாலை) கழிவு பாலாத்தக் கெடுத்த வழக்கப் பாருங்க, சுப்ரீம் கோர்ட் 1996ல தீர்ப்பு சொல்லுச்சு, 2025 ஜனவரில மறுபடி அதே பாலாறு, அதே நஷ்டஈடு பத்தித் தீர்ப்பு. இந்த மாதிரி விஷயத்துல யாராவது ஒரு லெட்டர மூ.மு. போட்டு முடிச்சிருந்தா அது என்னைக்கோ போயிருக்கும்.

அமெரிக்கால வழக்கு வரும்னு தெரிஞ்ச உடனே சம்பந்தப்பட்ட எதையும் அழிக்காதீங்கன்னு ஆர்டர் போட்டு நிறுத்தி வைப்பாங்க, லீகல் ஹோல்டுன்னு பேரு. 2006லயே அவங்க சிவில் வழக்கு விதில மின்னணு ஆவணத்தத் தனியாவே சேர்த்துட்டாங்க, உயர் அதிகாரிங்க மெயில நிரந்தரமா வைக்கிற கேப்ஸ்டோன் முறைய 2013ல அவங்க தேசிய ஆவணக் காப்பகம் கொண்டுவந்துச்சு. நம்ம பக்கம் பாதி உத்தரவு வாட்ஸப் வாய்ஸ் நோட்ல வருது, அத எந்த ஃபைல்ல சேர்க்கிறது? சேர்த்தாலும் கோர்ட்ல நிக்கணும்னா, 2024 ஜூலைலேர்ந்து வந்த புது சாட்சியச் சட்டம் 63வது பிரிவுல சான்று கொடுக்கணும், ஹாஷ் மதிப்பும் (ஃபைல்ல ஒரு எழுத்து மாறினாலும் மாறிடுற அடையாளக் குறி) போடணும், அதோட பி பகுதில நிபுணர் கையெழுத்து வேற. எங்க ஆபீஸ்ல ஹாஷ்னா என்னன்னு கேட்டுப் பாருங்க, டீ குடிக்கப் போயிடுவாங்க.

இப்ப எங்க செக்‌ஷன்ல மட்டும் ஒரு வழக்கம் வச்சிருக்கோம், பொருள்ல வட்டம், கிராமம், புல எண், வழக்கு எண் நாலும் ஒரே வரிசைல இருக்கணும், இல்லாட்டி தபாலையே திருப்பிடுவேன். ஆரம்பத்துல எல்லாரும் திட்டினாங்க, கடைசியா வந்த ரிட்டுக்கு மத்தியானத்துக்குள்ள எல்லாத்தையும் எடுத்துக் கொடுத்ததும் பக்கத்து செக்‌ஷன் மேடமும் அதே மாதிரி ஆரம்பிச்சிட்டாங்க. பழைய வானவில் வேர்டு ஃபைல்தான் இன்னும் மலையா கிடக்கு, ஒவ்வொண்ணா மாத்தினா டேபிள் எல்லாம் உடையுது. நெட்ல ஏத்தாம ஆபீஸ் சிஸ்டத்துலயே மொத்தமா யூனிகோடுக்கு மாத்துற கன்வெர்ட்டர் யாராவது யூஸ் பண்றீங்கன்னா பேரு சொல்லுங்க.