நாலு துரு நட்டுக்கு 18,500 ரூபாய்: லோடு வண்டி வெச்சிருக்கவங்க படிச்சிட்டுப் போங்க

கொதிப்பு அடங்கறதுக்குள்ள எழுதிடறேன். 18,500 ரூபாய் போச்சு. வண்டி, மீன் லோடு அடிக்கிற பிஎஸ்-6 சிஎன்ஜி குட்டி யானை. பட்டறை பேர் போடல. பைபாஸ் ஓரத்துல சைலன்சர் வேலை மட்டும் பாக்குற இடம், அவ்வளவுதான்.

சைலன்சர் லைன்ல புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள்ள இருக்கிற பீங்கான் தேன்கூடு உடைஞ்சு கடகடன்னு சத்தம், இழுவையும் இல்ல. மாத்தித்தான் ஆகணும், அதுல தகராறு இல்ல. தகராறெல்லாம் அதைப் பிடிச்சிருக்கிற நட்டுலதான். மீன் பெட்டி ஐஸ் உருகி உப்புத்தண்ணி கீழ சொட்டும், சூட்டுல காயும், திரும்பச் சொட்டும். இன்ஜின்லேருந்து புகையை வெளிய எடுக்கிற மேனிஃபோல்டு பக்கம், நாலு 8 எம்எம் ஸ்டட்டும் (தலையில்லாத போல்ட்) நட்டோட சேர்ந்து ஒரே இரும்பாயிடுச்சு.

பட்டறைக்காரர் அடியில படுத்து, துருவை நகத்தால சுரண்டிப் பாத்தாரு. "அவசரப்பட்டா ஸ்டட் முறியும்ணே. ராத்திரி பூரா ஆயில்ல ஊறட்டும், காலைல சூடு காட்டிப் பதமா எடுத்துடலாம்." தொழில் தெரிஞ்சவன் பேசற பேச்சு. அதைக் கேட்டுத்தான் 10,000 அட்வான்ஸும் சாவியும் கைமாறுச்சு.

ஊறப்போடவே இல்ல. பன்னெண்டு மூலை சாக்கெட்டை மாட்டி ஏர் கன்ல அடிச்சிருக்காங்க. துரு தின்ன நட்டுக்கு ஆறு மூலை சாக்கெட்தான் போடணும். மத்தது மூலையை வழிச்சு உருண்டையாக்கிடும். ரெண்டு ஸ்டட் முறிஞ்சது. ஒண்ணுல ஈஸி அவுட் (முறிஞ்ச போல்ட்டைத் திருகி எடுக்கற கருவி) விட்டு, அதுவும் உள்ளயே முறிஞ்சது. அது கடினமான ஸ்டீல், சாதா டிரில் பிட் ஏறாது. உடனே கன்வெர்ட்டர் ஃபிளாஞ்சை (நட்டு மாட்டற தட்டு) வார்ப்பிரும்பு மேனிஃபோல்டோட வெச்சு வெல்டிங்! முன்சூடு காட்டாம வார்ப்பிரும்பைப் பத்தவெச்சா விரிசல் விடும், மறுநாளே விட்டுச்சு. முன் ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னாடி கசிஞ்சா வெளிக்காத்து உள்ள போகும். ஆக்சிஜன் அதிகமாத் தெரியவும் ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) கேஸைக் கூட்டி விடும். மைலேஜ் காலி. இந்த வெல்டிங் எல்லாம் கேஸ் சிலிண்டர் வால்வை மூடாம, பேட்டரி வயரைக் கழட்டாம. நினைச்சாலே வயிறு கலங்குது.

ஒழுங்கா செய்யறது ஒண்ணும் மந்திரம் இல்ல. வெளிய தெரியற மரையை ஒயர் பிரஷ்ல தேய்ச்சு, துரு இளக்கற ஆயிலை ரெண்டு மூணு தடவை விட்டு ராத்திரி விடணும். முதல்ல லேசா இறுக்கிப் பாக்கணும். 'டிக்'குனு ஒரு சத்தம் வந்தா துரு விட்டுச்சுன்னு அர்த்தம். அப்புறம் கால் சுத்து அவுத்து, திரும்ப இறுக்கி, ஆயில் விட்டு, மறுபடி அவுக்கணும். சூடு காட்டறதா இருந்தா ஆயிலைத் துடைச்சிட்டு, ஸ்டட்டை விட்டுட்டு நட்டுக்கு மட்டும். சூடான நட்டுல மெழுகுவத்தியைத் தொட்டா மெழுகு உருகி மரைக்குள்ள இழுத்துக்கும். முறிஞ்ச ஸ்டட் கொஞ்சம் வெளிய நீட்டிட்டிருந்தா, மேல ஒரு நட்டை வெச்சு ஓட்டை வழியா வெல்டு அடிச்சுத் திருப்பணும். அந்தச் சூடே பாதி வேலை பாத்துடும். டிரில் பண்றது கடைசிக் கட்டம்.

டெலிவரிக்கு 8,500 வாங்கிட்டு வெள்ளைத்தாள்ல ஒரு கணக்கு. ஆகமொத்தம் 18,500. ரெண்டு நாள்ல இன்ஜின் லைட் எரிஞ்சது. வேற மெக்கானிக் பின் சென்சாரைக் கழட்டி அந்த ஓட்டையில சின்ன கேமரா விட்டாரு. புதுசுன்னு மாட்டின கன்வெர்ட்டர்ல தேன்கூடே இல்ல, வெறும் டப்பா.

போன் பண்ணா "ஓனர் வெளிய போயிருக்காருண்ணே". நேர்ல போனா "திங்கக்கிழமை வாங்க". திங்கக்கிழமை "துரு உங்க வண்டியோடது, நாங்க என்ன பண்ண?" பழைய கன்வெர்ட்டர் எங்கன்னு கேட்டா "ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு". உடைஞ்ச தேன்கூட்டுலயும் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கு. அதுக்கும் காசு பாத்துட்டாங்க. இப்ப வாட்ஸ்அப்ல நீல டிக் மட்டும் விழுது.

எப்படி மாத்தணும்னு முழுசா எழுத நினைச்சேன், இப்ப முடியல. புது கன்வெர்ட்டரை மாட்டறதுக்கு முன்னாடி டார்ச் அடிச்சு உள்ள பாருங்க. பழசைக் கையோட வாங்கிடுங்க. ஜிஎஸ்டி பில் இல்லாம காசு குடுக்காதீங்க. சிஎன்ஜி வண்டின்னா வால்வை நீங்களே மூடிட்டுச் சாவியைக் குடுங்க. கேஸ்கெட், நட்டு எல்லாம் புதுசான்னு பாருங்க.

எனக்கு சைலன்சரைத் தொங்க விடற ரப்பர் ஹேங்கரைக்கூட மாத்தல, கட்டுக்கம்பி போட்டு முறுக்கி விட்டிருக்கான். 18,500 ரூபாய்க்கு.