பழைய பாடப்புத்தகத்தை ஆன்லைனில் விற்க எது நல்ல வழி?

படித்து முடித்த கல்லூரிப் புத்தகத்தை இணையத்தில் விற்க மூன்று வழிகள் உண்டு. ஈபே, அமேசான் போன்ற பெரிய சந்தைகள் ஒன்று. புத்தகத்தின் பின்னட்டையில் இருக்கும் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னைக் கொடுத்ததும் விலை சொல்லி, தாங்களே வாங்கிக்கொள்ளும் பைபேக் தளங்கள் இன்னொன்று. மாணவர்கள் தங்களுக்குள் விற்றுக்கொள்ளும் கல்லூரிக் குழுக்களும் ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் மாதிரியான உள்ளூர் விளம்பரப் பக்கங்களும் மூன்றாவது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்த ஆண்டும் பாடத்திட்டத்தில் இருக்கும் புத்தகம், பதிப்பும் மாறவில்லை என்றால் மூன்றாவது வழிதான் சிறந்தது. இடையில் கமிஷன் இல்லை, கூரியர் இல்லை, புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தே ஜூனியர் வாங்கிக்கொள்வார். முதுநிலைப் படிப்புக்கான, சிலரே தேடும் புத்தகத்துக்குப் பெரிய சந்தை வேண்டும். அதை வாங்க வேண்டியவர் வேறு ஊரில் இருப்பார். ஊரைக் காலி செய்யும் அவசரத்தில் ஒரு பெட்டிப் புத்தகம் கையில் இருந்தால் மட்டுமே பைபேக்.

எந்த வழியில் போனாலும் விற்பனையைத் தீர்மானிப்பது ஐஎஸ்பிஎன். 2007 ஜனவரி முதல் இது 13 இலக்கம். அதற்கு முன் 10. பழைய எண்ணின் முன்னால் 978 சேர்த்துவிட்டால் புதிய எண் கிடைத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கிடைக்காது. கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். அது வேறு கணக்கில் வருகிறது. 0306406152 என்ற எண் 13 இலக்கத்தில் 9780306406157 ஆகிறது. முடிவில் இருந்த 2 இப்போது 7. சரிபார்ப்பது எளிது: 13 இலக்கங்களையும் இடமிருந்து 1, 3, 1, 3 என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டினால் வரும் தொகை 10-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். இந்த எண்ணுக்கு 100 வருகிறது. வகுபடவில்லை என்றால் எங்கோ ஓர் இலக்கம் தவறு. பின்னட்டையில் பார்கோடுக்குப் பக்கத்தில் சிறிதாக இன்னொரு 5 இலக்கப் பட்டை இருந்தால் அது விலைக் குறியீடு, அதைச் சேர்க்கக் கூடாது.

இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. கெட்டி அட்டை, மெல்லிய அட்டை, துளையிட்ட தனித்தாள் கட்டு, சர்வதேசப் பதிப்பு ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனி ஐஎஸ்பிஎன். புத்தகத்தோடு ஆன்லைன் அணுகல் குறியீட்டை, அதாவது அந்தப் பாடத்தின் இணையதளத்தில் நுழைவதற்கான எண்ணை, சேர்த்து விற்ற தொகுப்புக்கும் தனி ஐஎஸ்பிஎன். அது பிளாஸ்டிக் உறை மேல் இருந்திருக்கும். அந்த எண்ணைப் போட்டு வெறும் புத்தகத்தை அனுப்பினால், குறியீடும் வரும் என்று எதிர்பார்த்து வாங்கியவர் திருப்பி அனுப்புவார், நியாயம் அவர் பக்கம்தான் இருக்கும். அணுகல் குறியீடு பெரும்பாலும் ஒருமுறைதான் வேலை செய்யும். சுரண்டப்பட்டிருந்தால் "குறியீடு பயன்படுத்தப்பட்டது" என்று விளம்பரத்தின் முதல் வரியிலேயே எழுத வேண்டும். சில பாடங்களில் வீட்டுப்பாடமே அந்தக் குறியீடு வழியாகத்தான் என்பதால், குறியீடு இல்லாத புத்தகத்துக்கு மதிப்பு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. பாடப்புத்தகங்களை வெளியிடும் பியர்சன் நிறுவனம் 2019-ல் டிஜிட்டலுக்கே முதலிடம் என்று அறிவித்தது. அப்படிப்பட்ட பாடங்களின் அச்சுப் புத்தகத்தை அடுத்த ஆண்டு விற்கலாம் என்று வைத்திருப்பது நஷ்டம்.

பெரிய சந்தைகளின் பலம் இந்த எண்ணை வைத்தே பட்டியலிடும் முறைதான். எண்ணைக் கொடுத்தால் தலைப்பு, ஆசிரியர், பதிப்பு எல்லாம் தானாக வந்து நிற்கும். தேடுபவரும் அதே பக்கத்துக்கு வருவார். உள்ளூர் விளம்பரப் பக்கங்களில் இந்த வசதியை எதிர்பார்க்க முடியாது, விற்பவர் தட்டச்சு செய்த சொற்கள்தான் தேடலில் அகப்படும். ஆகவே அங்கே போடும்போது முழுத் தலைப்பு, ஆசிரியர், பதிப்பு எண், ஐஎஸ்பிஎன், கூடவே பாடத்தின் பெயரும் குறியீடும் எழுத வேண்டும். ஜூனியர்கள் ஆசிரியர் பெயரைத் தேடுவதில்லை, பாடக் குறியீட்டைத்தான் தேடுகிறார்கள்.

நாளும் முக்கியம். பாடத்திட்டம் வெளியாகும் நாளிலிருந்து வகுப்பு தொடங்கி இரண்டாவது வாரம் வரைதான் நல்ல விலை கிடைக்கும் காலம். தேர்வு முடிந்த கையோடு விற்கப் போனால் எல்லோரும் அதே புத்தகத்தைக் கொண்டுவந்திருப்பார்கள். ஆனால் புதிய பதிப்பு வரப்போகிறது என்று தெரிந்தால் காத்திருக்கவே கூடாது. கணக்கு, இயற்பியல், கணக்கியல் போன்ற பாடங்களில் பதிப்பு மாறினால் பயிற்சி வினாக்களின் வரிசை மாறும்; வகுப்பில் ஆசிரியர் சொல்லும் வினா எண்ணும் புத்தகத்தில் உள்ள எண்ணும் ஒத்துப்போகாது, பழைய பதிப்பு உடனே விலை இறங்கிவிடும். இலக்கியம், தத்துவம் போன்றவற்றில் பழைய பதிப்பும் ஓடும். பழைய பதிப்பை விற்பவர் பொருளடக்கப் பக்கத்தைப் படமெடுத்துப் போட்டால் வாங்குபவர் தாமே ஒப்பிட்டுக்கொள்வார். இதைச் செய்கிறவர்கள் மிகக் குறைவு.

விலை வைக்க, மற்றவர்கள் கேட்கும் விலையைப் பார்க்காமல் உண்மையில் விற்ற விலையைப் பாருங்கள். ஈபேயில் விற்றுப்போனவற்றை மட்டும் காட்டும் வடிகட்டி இருக்கிறது. கேட்கும் விலையை நம்ப முடியாது என்பதற்கு 2011-ல் அமேசானில் நடந்ததே சாட்சி: இரண்டு விற்பனையாளர்களின் விலை நிர்ணய மென்பொருள்கள் ஒன்றை ஒன்று பார்த்து ஏற்றிக்கொண்டே போய், ஓர் உயிரியல் புத்தகத்தின் விலை 2 கோடி டாலரைத் தாண்டியது. விற்ற விலையிலிருந்து கமிஷன், அஞ்சல் செலவு, பெட்டிச் செலவு மூன்றையும் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் நம் பணம். ஈபே கமிஷனை அஞ்சல் கட்டணத்தையும் சேர்த்த தொகைக்குக் கணக்கிடுகிறது. மிஞ்சும் தொகைக்கும் சற்றுக் கூடுதலாக நேரில் ஒரு மாணவரிடம் கேட்டால் இருவருக்கும் லாபம்.

நிலையைக் குறிப்பிடுவதில் பெருந்தன்மை வேண்டாம். பெரிய சந்தைகளில் லைக் நியூ, வெரி குட், குட், ஆக்செப்டபிள் என்ற படிகள் இருக்கும். அடிக்கோடும் ஹைலைட்டரும் பல பக்கங்களில் இருந்தால் குட் என்ற படிக்கு மேல் போடாதீர்கள். ஐந்து படங்கள் போதும்: முன்னட்டை, ஐஎஸ்பிஎன் தெரியும் பின்னட்டை, பதிப்புரிமைப் பக்கம், முதுகு, இருப்பதிலேயே மோசமான பக்கம். கடைசிப் படம்தான் திருப்பி அனுப்பும் தகராறைத் தவிர்க்கிறது. பூஞ்சை பிடித்த புத்தகத்தை விற்கவே கூடாது, அது மற்றப் புத்தகங்களுக்கும் பரவும். நூலக முத்திரை இருந்தால், நூலகம் கழித்துவிட்டதற்கான முத்திரையும் படத்தில் இருக்க வேண்டும். விடைகளோடு வரும், பாடம் நடத்துபவருக்கான பிரதியையும் இலவச மாதிரிப் பிரதியையும் அமேசான் உள்ளிட்ட தளங்கள் அனுமதிப்பதில்லை. நகலெடுத்த புத்தகமும் பிடிஎஃப் கோப்பும் பதிப்புரிமை மீறல், அந்தப் பக்கமே போக வேண்டாம்.

பைபேக் தளங்களைப் பொறுத்தவரை, புக்ஸ்கவுட்டர் மாதிரியான ஒப்பீட்டுத் தளத்தில் எண்ணைக் கொடுத்தால் பல நிறுவனங்களின் விலை ஒரே இடத்தில் தெரியும். அதிகம் தருபவரை உடனே தேர்ந்தெடுக்காமல் மூன்றைப் படியுங்கள்: சொன்ன விலை எத்தனை நாள் செல்லும், நிலை சரியில்லை என்று அவர்கள் முடிவு செய்தால் புத்தகம் திரும்பி வருமா, திரும்பி வரும் செலவு யாருடையது. இங்கேதான் விற்பவர் ஏமாற்றம் அடைகிறார். புத்தகம் கைமாறிய பிறகுதான் நிலையை அவர்கள் தீர்மானிக்கிறார்கள், அப்போது பேரம் பேச நம்மிடம் எதுவும் இல்லை.

நேரடி விற்பனையின் பலவீனம் பாதுகாப்பு. தளம் நடுவே நிற்காததால் மோசடிக்காரர்களும் இங்கேதான் வருகிறார்கள். கேட்ட விலைக்கு மேல் அனுப்பிவிட்டு மீதியைத் திருப்பிக் கேட்பவரின் முதல் தொகை பின்னால் செல்லாமல் போய்விடும். பணம் பெற க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யச் சொன்னாலோ, ரகசிய எண்ணை இடச் சொன்னாலோ அது பணம் போகும் வழி. "நீங்கள் நிஜமான ஆள்தானா என்று பார்க்க" என்று சொல்லி உங்கள் போனுக்கு வந்த ஓடிபியைக் கேட்பவர் உங்கள் எண்ணில் கணக்குத் தொடங்கப் பார்க்கிறார். பணம் அனுப்பியதாகக் காட்டும் ஸ்க்ரீன்ஷாட்டை நம்பாதீர்கள். வங்கிச் செயலியைத் திறந்து தொகை ஏறியிருப்பதைப் பார்த்த பிறகே புத்தகத்தைக் கொடுங்கள். கல்லூரி நூலக வாசலில், பகலில் சந்திப்பது நல்லது.

அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால், முதலில் ஒரு பிளாஸ்டிக் உறை, ஈரத்துக்காக. பிறகு நான்கு மூலைகளுக்கும் மடித்த அட்டை. கனமான கெட்டி அட்டைப் புத்தகத்தைக் குமிழ் உறையில் அனுப்பினால் மூலை நசுங்கும், முதுகு பிளக்கும், பெட்டிதான் சரி. உள்ளே இடைவெளி இருந்தால் கசக்கிய காகிதம் திணித்து, குலுக்கும்போது அசையாதபடி செய்யுங்கள். பெட்டியைப் பெரிதாக எடுக்காதீர்கள்: பல கூரியர்கள் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வரும் கிலோவை, உண்மையான எடையைவிட அது அதிகமானால் கணக்கில் எடுப்பார்கள். புத்தகத்தைப் பெட்டியில் வைத்து மூடிய பிறகே எடை போடுங்கள்.

ஒரே புத்தகத்தை மூன்று இடத்திலும் போட்டிருந்தால், ஓரிடத்தில் விற்ற அன்றே மற்ற இரண்டிலும் எடுத்துவிடுங்கள். பெரிய சந்தைகளில் ஆர்டர் வந்தபின் "புத்தகம் இல்லை" என்று ரத்து செய்தால் கணக்கின் மதிப்பீடு இறங்கும்.