மார்கழிப் பனியில் 6:10 வண்டி

இந்த முறை ஊரில் இருந்தது ஒரே ஒரு வாரம். அதில் மூன்று விடியற்காலை பஸ் ஸ்டாப்பிலேயே போய்விட்டது. மற்றதெல்லாம் நல்லபடியாகவே நடந்தது, அதைச் சொல்லி யாருக்கும் ஆகப்போவது ஒன்றுமில்லை. இந்த மூன்று காலையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் தேன்கனிக்கோட்டையிலிருந்து தளி போகிற பக்கம், பெரிய ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. அம்மாவுக்குச் சர்க்கரை. சாப்பிடாமல் ஒரு தடவை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை ரத்தம் கொடுக்க வேண்டும். அதற்குத் தோதான வண்டி 6:10. நாங்கள் படித்த காலத்தில் அது பக்கத்து ஊரில் நைட் ஹால்ட், ராத்திரி வண்டி அங்கேயே நிற்கும். காலையில் டிரைவர் அங்கே ஹாரன் அடித்தால் இங்கே நாங்கள் சடையைப் பின்னிக்கொண்டே ஓடுவோம். எந்த மார்கழியிலும் அது தவறியதாக எனக்கு நினைவில்லை. அந்த நம்பிக்கையில்தான் திங்கட்கிழமை ஆறு மணிக்கே அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் நின்றேன்.

பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. புளியமரம் மழை விட்ட மாதிரி சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்துக் காட்டிலிருந்து அவரைப் பூ வாசம். பிதுக்குப் பருப்புக் குழம்பு ஞாபகம் வந்து, ஐந்து நிமிடம் நான் சந்தோஷமாகத்தான் நின்றேன். போன் 12 டிகிரி காட்டியது. டொரண்டோவில் மைனஸ் 15-ஐப் பார்த்தவளுக்கு இதெல்லாம் ஒரு குளிரா என்று நீங்கள் கேட்கலாம். அங்கே குளிர் வாசலோடு நின்றுவிடும், உள்ளே ஹீட்டர் ஓடும். இங்கே ஓட்டு வீட்டில் ராத்திரி முழுக்க அது நம்மோடுதான் படுத்திருக்கிறது. அம்மா அந்த வீட்டிலிருந்து எழுந்து வந்து, ஸ்வெட்டருக்கு மேல் சால்வை போர்த்திக்கொண்டு, சில்லிட்ட சிமெண்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

ஏழு மணி ஆனது. ஏழரையும் ஆனது. நான்கு பள்ளிக்கூடப் பிள்ளைகள், பூ மூட்டையோடு ஓர் அண்ணன், நாங்கள் இரண்டு பேர். யாரோ செத்தையைக் கூட்டிக் கொளுத்த, எல்லாரும் குளிர் காய்ந்தோம். யாருக்கும் கோபமே வரவில்லை, அதுதான் எனக்கு ஆற்றாமையாக இருந்தது. “பனி விட்டாத்தான் வரும் கண்ணு” என்றார் அம்மா. வண்டி வந்தபோது மணி 8:25. அதற்குள் அம்மாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்து, நானே சர்க்கரை போட்ட டீயை வாங்கிக் குடிக்க வைத்திருந்தேன். அன்றைய டெஸ்ட் போனது. செவ்வாய்க்கிழமையும் அதே கதை. புதன்கிழமை வண்டி வரவேயில்லை.

டொரண்டோவிலும் வண்டி வராமல் போவது உண்டு. ஸ்னோ கொட்டுகிற நாளில் பள்ளி பஸ் ஓடாது. ஆனால் ஓடாது என்பதை விடிவதற்குள் சொல்லிவிடுவார்கள், பிள்ளைகள் போர்வைக்குள்ளேயே இருந்துகொள்ளலாம். எழுபது வயது மனுஷியை வெறும் வயிற்றோடு ரோட்டில் உட்கார வைத்துவிட்டு, வருமா வராதா என்று யாரையும் கேட்க முடியாமல் நிற்பதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

டிரைவர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. செவ்வாய்க்கிழமை வண்டி வந்ததும் அவரிடம் கொஞ்சம் சூடாகத்தான் கேட்டேன். “பனி மட்டும்னா லைட்டைப் போட்டுட்டு மெதுவா வந்துடுவேம்மா. இது ராகி அறுப்பு நேரம். யானை ரோட்டுல நின்னா பக்கத்துல போனாத்தான் தெரியும்” என்றார். அதற்கு மேல் நான் என்ன சொல்ல? கர்நாடகத்துப் பன்னேர்கட்டாக் காட்டுப் பக்கமிருந்து வருகிற யானைகள் ஜவளகிரி, நொகனூர், ஊடேதுர்கம் காடுகளில் தங்கி ராகிக் கொல்லைக்கு இறங்குவதும், ஊர் ஆட்கள் ராத்திரியெல்லாம் காவல் இருப்பதும் எனக்குத் தெரியாததில்லை. அவர் மெதுவாகவே வரட்டும். வெளிச்சம் வந்தபிறகே கிளம்பட்டும். கிளம்பிவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?

புதன்கிழமை சாயந்திரம் டீக்கடை அண்ணன்தான் விஷயத்தைச் சொன்னார். சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். பனிக் காலத்தில் டவுனிலிருந்து வண்டி கிளம்பும்போது கண்டக்டர் இவருக்குப் போன் போடுவார். இவர் கடைப் பையனை அனுப்பித் தெருவில் சொல்லச் சொல்வார். அந்தக் கண்டக்டர் மாலை போட்டுச் சபரிமலை போயிருக்கிறார். அவர் இல்லாத நாளில் போன் போட வேறு ஆள் கிடையாது. ஒரு ஊரே ஒருத்தருடைய நல்ல மனசை நம்பி விடியற்காலையில் எழுந்திருக்கிறது.

வியாழக்கிழமை அவர் வந்துவிட்டார். ஏழு மணிக்குப் பையன் வாசலில் நின்று, “ஆயா, வண்டி ஏழே முக்காலுக்கு!” என்று கத்தினான். அம்மா ஏழரை வரைக்கும் கம்பளிக்குள் இருந்துவிட்டு நிதானமாகக் கிளம்பினார். வண்டியில் நான் காசை நீட்ட, “லேடீஸ்க்குக் காசு இல்லம்மா” என்று சீட்டை மட்டும் கிழித்துக் கொடுத்தார் கண்டக்டர். 2021 மே மாதத்திலிருந்து அரசு டவுன் பஸ்களில் இப்படித்தான். டொரண்டோவில் ஒரு தடவை ஏறினால் 3 டாலருக்கு மேல் போகிறது. அதே ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் தேதி அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியதும் எங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். அம்மாவின் பிரஷர் மாத்திரை இன்று வீட்டுக்கே வருகிறது. மாத்திரையை வீட்டு வாசல்வரை கொண்டுவந்து சேர்க்கிற ஊரில், வண்டி கிளம்பிய சேதியைக் கொண்டுவந்து சேர்ப்பது பெரிய வேலையாக எனக்குத் தோன்றவில்லை.

சனிக்கிழமை ஒரு மனு எழுதினோம். பள்ளிக்கூடப் பிள்ளைகளில் பெரியவள் கையெழுத்து முத்து முத்தாக இருந்ததால் அவளே எழுதினாள். மார்கழி, தை இரண்டு மாதமாவது பழையபடி ஹால்ட் வண்டி வேண்டும், முடியாவிட்டால் எந்தக் கண்டக்டர் வந்தாலும் கடைக்குப் போன் போட வேண்டும். அவ்வளவுதான் கேட்டிருக்கிறோம். கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுப்பதாக டீக்கடை அண்ணன் வாங்கி வைத்துக்கொண்டார். எனக்கு ஞாயிற்றுக்கிழமை ஃபிளைட்.

இரண்டு வாரம் கழித்து அம்மா மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டியிருந்தது, அது நேற்று. ஊரில் காலை ஏழு மணி என்றால் இங்கே டொரண்டோவில் முந்தின நாள் ராத்திரி எட்டரை. சமையலைப் பாதியில் நிறுத்திவிட்டு டீக்கடைக்குப் போன் போட்டேன்.

“இன்னும் கிளம்பலம்மா. ஆயாவை எழுப்பாத, பையனை அனுப்புறேன்” என்றார்.