பழைய செயின்சா மக்கர் செய்தால்: கிட்டா, புது கார்புரேட்டரா, பிஸ்டன் செட்டா?

கோத்தகிரிப் பக்கம் ஆடிக் காற்றில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குள் ஒரு சில்வர் ஓக் சாய்ந்தது. அதை அறுக்கும்போது என் பழைய 60 சிசி செயின்சா நின்றுவிட்டது. சோக் போட்டு இழுத்தால் ஸ்டார்ட் ஆகும். த்ராட்டிலை அழுத்தினால் அமுங்கி அணைந்துவிடும். மேட்டுப்பாளையத்தில் ஒரு பட்டறையில் காட்டினேன். மூடியைக்கூடத் திறக்காமல் "பிஸ்டன் செட் மாத்தணும்" என்றார்கள், அதாவது பிஸ்டன், ரிங், சிலிண்டர் எல்லாமே. பக்கத்துத் தோட்டக்காரர் ஆன்லைனில் புது கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு விடும் பாகம்) வாங்கச் சொன்னார். கடைசியில் கோத்தகிரியில் எனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் போனேன்.

"அண்ணா, பிஸ்டன் போயிருச்சுன்னு சொல்றாங்க."

"சைலன்சரைக் கழட்டிப் பார்த்தாங்களா தம்பி?"

யாரும் பார்க்கவில்லை. எதை மாற்றுவது என்று யோசிப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியது இதுதான். இரண்டு மூன்று திருகு கழற்றினால் சைலன்சர் கையோடு வந்துவிடும். கயிற்றை மெதுவாக இழுத்தபடி டார்ச் அடித்துப் பார்த்தால் புகை வெளியேறும் துவாரத்தில் பிஸ்டனின் பக்கச் சுவர் தெரியும். அது வழவழப்பாக இருந்தால் பிஸ்டன் செட் பேச்சே வேண்டாம். மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீறியிருந்தால், பெட்ரோல் குறைவாகப் போயோ அதில் கலக்கும் ஆயில் போதாமலோ சூடேறி உரசியிருக்கிறது. சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் வருகிறது என்று அளக்கும் கம்ப்ரஷன் மீட்டர் கிடைத்தால் அதையும் வைத்துப் பாருங்கள். 150 பிஎஸ்ஐ பக்கம் காட்டினால் நல்ல எஞ்சின். 100க்குக் கீழே போனால் கார்புரேட்டரில் என்ன செய்தும் பயனில்லை. சைலன்சர் கையில் இருக்கும்போதே அதன் வாயில் உள்ள கம்பி வலையையும் பாருங்கள். கரி அடைத்திருந்தால்கூட மிஷின் இழுக்காது.

என் பிஸ்டன் பளபளவென்று இருந்தது. அதனால் போட்டி கிட்டுக்கும் புது கார்புரேட்டருக்கும்தான். கிட் என்றால் பழைய கார்புரேட்டருக்குள் மாற்றிப் போடும் ஜவ்வுகளும், கசியாமல் அடைக்கும் கேஸ்கெட்டுகளும் கொண்ட பொட்டலம்.

செயின்சா கார்புரேட்டரில் பைக்கில் இருப்பதுபோல மிதவை கிடையாது. மிஷினை எப்படிச் சாய்த்துப் பிடித்தாலும் ஓட வேண்டும் என்பதால் பெட்ரோலை இழுப்பதும் அளந்து விடுவதும் டயாபிரம் எனப்படும் மெல்லிய ஜவ்வுகளின் வேலை. இரண்டு பக்க மூடிகளையும் கழற்றி ஜவ்வுகளை வெளியே எடுத்தோம். பழையது அப்பளம் மாதிரி விறைத்து, விரலால் அழுத்தினால் 'டிக்' என்று சத்தம் போட்டது. கிட்டில் வந்த புதியது விரலில் துணிபோலத் தொங்கியது. விறைத்த ஜவ்வு சரியாக அசையாது. ஐட்லிங்குக்கு வேண்டிய சொட்டு பெட்ரோல் வரும், ரேஸ் கொடுத்தால் போதாது. என் மிஷினின் நோய் இதேதான்.

ஜவ்வு இப்படிக் கெட வயது ஒரு காரணம், பெட்ரோல் இன்னொரு காரணம். இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்தது. கையால் திருகி செட் செய்யும் பழைய கார்புரேட்டருக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஆகாது என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், நம் ஊர்ப் பனியிலும் மழையிலும் கேட்கவே வேண்டாம். அதனால் வேலை முடிந்ததும் டாங்கைக் காலி செய்து, தானாக அணையும் வரை ஓடவிட்டு வைக்கிறேன்.

கிட் சில நூறு ரூபாய்தான், ஆனால் பொறுமை வேண்டும். கேஸ்கெட்டும் ஜவ்வும் எந்த வரிசையில் இருந்தன என்று கழற்றும்போதே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் வழியைத் திறந்து மூடும் ஊசியைத் தூக்கும் குட்டி நெம்புகோல் கொஞ்சம் உயர்ந்தால் பெட்ரோல் வழியும், தாழ்ந்தால் வராது. புது கார்புரேட்டரில் இந்தச் சிரமம் இல்லை, அரை மணியில் மாட்டிவிடலாம். பழையதன் உள்ளே வெள்ளைப் பொடி பூத்து அரித்திருந்தாலோ, த்ராட்டில் தண்டு தேய்ந்து ஆடினாலோ நானும் புதியதைத்தான் வாங்குவேன்.

ஆனால் மலையில் ஒரு விஷயம் பார்க்க வேண்டும். விலை மலிவான டூப்ளிகேட்டுகள் சிலவற்றில் எச் ஸ்க்ரூ இருக்காது, முழு ரேஸுக்கான பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்க முடியாது. மேட்டுப்பாளையம் சுமார் 300 மீட்டர் உயரம், கோத்தகிரி சுமார் 1,800. அவ்வளவு ஏறும்போது காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைந்துவிடும். கீழே செட் செய்த மிஷின் மேலே வந்தால் பெட்ரோல் அதிகமாகிப் புகைக்கும், பிளக் கறுக்கும். அதற்காக மேலே குறைத்து வைத்ததை அப்படியே கீழே கொண்டுபோய் ஓட்டினால் பெட்ரோல் போதாமல் பிஸ்டன் ஜாம் ஆகும். இது இன்னும் ஆபத்து. எல் (ஐட்லிங், குறைந்த ரேஸுக்கான ஸ்க்ரூ), எச் இரண்டும் திருக முடிகிற பழைய ஒரிஜினல் கார்புரேட்டர் கையில் இருக்கும்போது அதைத் தூக்கிப் போட எனக்கு மனம் வரவில்லை.

கிட் போட்டுத் தோட்டத்திலேயே நின்று செட் செய்தோம். இரண்டு ஸ்க்ரூவையும் மென்மையாக மூடி, ஒவ்வொரு சுற்று திறந்து ஆரம்பித்தோம் (மாடலுக்கு மாடல் மாறும்). எச் ஸ்க்ரூவுக்குக் காதுதான் அளவுகோல். சும்மா முழு ரேஸ் கொடுத்தால் லேசாகக் குழற வேண்டும், மரத்தில் வைத்ததும் குரல் தெளிய வேண்டும். மரத்தில் வைக்காமல் முழு ரேஸ் கொடுக்கும்போதே கீச்சென்று கத்தினால் உடனே எச்சைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள்.

பிஸ்டன் செட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கோடு விழுந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். அப்போதும் சிலிண்டரின் உட்பூச்சு உரியாமல் இருந்தால் அதில் ஒட்டிய அலுமினியத்தைச் சுத்தம் செய்து, பிஸ்டனும் ரிங்கும் மட்டும் புதிதாகப் போடுவது மேல். ஏன் சூடேறியது என்று கண்டுபிடிக்காமல் போட்டால் புது பிஸ்டனுக்கும் அதே கதிதான். பெட்ரோல் குழாய் வெடித்திருக்கிறதா, கிராங்க் தண்டின் ஓரத்தை அடைக்கும் ரப்பர் வளையமான கிராங்க் சீல் வழியாகக் காற்று புகுகிறதா என்று முதலில் பாருங்கள். த்ராட்டிலை விட்டபிறகும் ரேஸ் இறங்க நேரம் எடுத்தால் காற்று புகுகிறது என்று சந்தேகப்படலாம்.

அந்த சில்வர் ஓக்கின் மீதி அடிமரத்தை மறுநாள் மதியத்துக்குள் அறுத்து முடித்தோம். பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், டீத்தூள் நிறத்தில் இருந்தது.