காட்பாடி வெயில்ல 2014லருந்து ஓடற வீட்டு கம்ப்யூட்டர்: என் அனுபவம்

2014ல வாங்கின அசெம்பிள் சிஸ்டம், நாலாவது ஜெனரேஷன் ஐ3, காட்பாடி காந்தி நகர்ல எங்க வீட்டு மாடி ரூம்ல இன்னிக்கும் ஓடிகினு இருக்குது. மதர்போர்டும் ப்ராசசரும்தான் பழசு, மத்ததெல்லாம் ஒவ்வொன்னா மாறிடுச்சு. உள்ள இருக்கறது அப்பாவோட பென்ஷன் பேப்பர், நிலத்துப் பத்திரம், பட்டா ஸ்கேன், அக்கா கல்யாண போட்டோ, ஆயா பேசின வீடியோங்க. மெஷின் போனா வேற வாங்கிக்கலாம், இதுங்கள வாங்க முடியாது, அதனால நான் பாக்கற பராமரிப்பு எல்லாமே இந்த ஃபைலுங்களுக்காகத்தான்.

நம்ம ஊர்ல முதல் தொல்லை வெயில். அக்னி நட்சத்திரத்துல 40 டிகிரி தாண்டும், மாடி ரூம் அதுக்கும் மேல, கூடவே தூசி. வெயில் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கேபினெட்ட தொறந்து ப்ளோயர் அடிச்சுடுவேன், அடிக்கும்போது ஃபேன விரலால புடிச்சுக்கணும், இல்லனா வேகமா சுத்தி பேரிங் போயிடும். ப்ராசசர் சூட்ட வெளிய கடத்தற தெர்மல் பேஸ்ட் காஞ்சிருந்தா அதையும் மாத்திடறது.

யூபிஎஸ் கட்டாயம் வேணும், ஆனா உள்ள இருக்கற 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரிக்கு சூடே ஆகாது. 25 டிகிரிக்கு மேல ஏறக்குறைய ஒவ்வொரு 10 டிகிரிக்கும் அதோட ஆயுசு பாதியாயிடும், அதான் நம்ம பக்கம் சீக்கிரமே வீக் ஆவுது. அப்பப்போ வேலையெல்லாம் சேவ் பண்ணிட்டு மெயின் ஸ்விட்ச ஆஃப் பண்ணி எவ்ளோ நேரம் தாங்குதுன்னு பாத்துடுவேன். நிதானமா ஷட்டவுன் பண்ற அளவுக்கு தாங்கினா போதும், கரண்ட் இல்லாதப்போ உக்காந்து வேலை செய்யறதுக்கு இல்ல அது. இடி மின்னல்னா ப்ளக் மட்டும் இல்ல, ரவுட்டர்லருந்து வர்ற லேன் கேபிளையும் புடுங்கிடுங்க, அது வழியாவும் அடிக்கும்.

ஹார்ட் டிஸ்க பாக்க கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்குது. 2019ல அதுல மஞ்சக்கலர்ல 'காஷன்'னு எச்சரிக்கை வந்துச்சு, படிக்க முடியாத செக்டார் (டிஸ்க்ல டேட்டா இருக்கற சின்னச் சின்ன பகுதி) கணக்கு ஏறிகினே போச்சு. அந்த நேரத்துல விண்டோஸ்லயே இருக்கற டிஸ்க் சரி பாக்கற செக்டிஸ்க ஓட விடாதீங்கன்னு எல்லார் கிட்டயும் சொல்றேன், சாவற நெலமைல இருக்கற டிஸ்க முழுசா படிக்க வெச்சா இன்னும் சீக்கிரம் போயிடும். முக்கியமான ஃபோல்டருங்கள மொதல்ல வெளிய எடுத்துட்டேன், மீதி எல்லாம் பேக்கப்லருந்து வந்துச்சு, ஒரு போட்டோ கூட போவல.

அந்த பேக்கப் எப்படின்னா, ரெண்டு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க். ஒன்னு இங்க பீரோல, இன்னொன்னு ஆரணில அக்கா வீட்ல, அக்கா தீபாவளி பொங்கலுக்கு வர்றப்போ ரெண்டையும் மாத்திக்குவோம். காப்பி எடுத்தவுடனே கேபிள கழட்டிடணும், இதுதான் எல்லாத்தையும் விட முக்கியம், 2017 மே மாசம் ஃபைலுங்கள பூட்டிட்டு காசு கேக்கற வான்னாக்ரை வந்தப்போ என்ன ஆச்சுன்னு ஞாபகம் இருக்கும், அந்த மாதிரி வைரஸ், கம்ப்யூட்டர்ல சொருகி வெச்சிருக்கற எக்ஸ்டர்னல் டிஸ்கையும் சேத்துதான் பூட்டும். கூகுள் டிரைவ்ல 15 ஜிபி இலவசம், பத்திரம் ஸ்கேன் அங்கயும் இருக்குது, ஆனா சிங்க் (ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வெக்கறது) வேற பேக்கப் வேற, இங்க அழிச்சா அங்கயும் அழியும், ட்ராஷ்ல 30 நாள்தான் இருக்கும். எடுத்து வெக்கற டிஸ்க்குக்கு எஸ்எஸ்டி (சுத்தற தட்டு இல்லாம சிப்ல சேமிக்கற டிஸ்க்) வாங்கல, கரண்டே குடுக்காம ரொம்ப நாள் சூட்டுல கெடந்தா அதுல டேட்டா போக வாய்ப்பு இருக்குது. காப்பி முடிஞ்சதும் கையில கெடைக்கற நாலஞ்சு ஃபைல தங்கச்சி லேப்டாப்ல தொறந்து பாப்பேன், தொறக்காத பேக்கப்ப நான் கணக்குலயே வெக்கறதில்ல.

2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10 சப்போர்ட் முடிஞ்சுது, இந்த ப்ராசசருக்கு விண்டோஸ் 11 கெடையாது, அதனால விண்டோஸுக்கு பதிலா லினக்ஸ் மின்ட்னு ஒரு இலவச ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டேன். நல்லாவே ஓடுது. அப்போதான் ஒரு விஷயம் தெரிஞ்சுது, அப்பா ஆபீஸ் நாள்ல டைப் பண்ண லெட்டரெல்லாம் வானவில்னு ஒரு பழைய தமிழ் ஃபான்ட்ல இருக்குது, ஃபைல் பத்திரமா இருந்தும் ஃபான்ட் இல்லனா வெறும் இங்கிலீஷ் எழுத்தா கன்னாபின்னான்னு தெரியுது. பழைய டிஸ்க்லருந்து அந்த ஃபான்ட் ஃபைலையும் எடுத்து அதே ஃபோல்டர்ல வெச்சுட்டேன். உங்க வீட்லயும் பழைய தமிழ் ஃபைல் இருந்தா இத பாருங்க. இப்போ ஒவ்வொன்னா தனி ஃபான்ட் தேவைப்படாத யூனிகோடுக்கு மாத்தினு இருக்கேன், பாதி முடிஞ்சிருக்குது.