கடற்பாசி வளர்ப்பு: தெப்பமா, தடிக்கயிறா?

இலங்கையின் வடக்கே பூநகரி, வலைப்பாடு பக்கத்துப் பரவைக்கடலில் (ஆழம் குறைந்த கடலில்) கப்பாபைகஸ் பாசிக்கு இரண்டு வழியும் பொருந்தும்.

தெப்பம் என்றால் 3×3 மீற்றர் மூங்கில் சட்டம், 20 கயிறு, கயிற்றுக்கு 20 முடிச்சு, முடிச்சுக்கு 150 கிராம். ஆக 60 கிலோ விதைப்பாசி. 45 நாளில் அறுக்கலாம். அடியில் வலை கட்டாவிட்டால் ஒரா மீன் தளிரை மேய்ந்துவிடும், முறிந்த துண்டுகளும் நீரோடு அடிபட்டுப் போகும். நங்கூரம் இலேசென்றால் சோளகம் (தென்மேல் காற்று) தெப்பத்தையே கொண்டுபோகும்.

தடிக்கயிறு மலிவு. கடலடியில் ஊன்றிய தடிகளுக்கிடையே பாசிக்கயிற்றை இழுத்துக் கட்டினால் சரி. ஆனால் வற்றுநீரிலும் பாசி மூழ்கியிருக்க வேண்டும். மாரிவெள்ளம் இறங்கி உப்பு குறைந்தால் தண்டு வெளிறி முறியும். தெப்பத்தை ஆழத்துக்கு இழுக்கலாம், தடியை அசைக்க முடியாது. ஆகவே விதைப்பாசியைத் தெப்பத்தில் காப்பதே புத்தி.

கடற்புல்லின் மேல் இரண்டுமே வேண்டாம். நிழலில் புல் அழியும். இறால் குஞ்சு ஒதுங்குவதும் கடற்பசு மேய்வதும் அங்கேதான்.